சனிக்கிழமை கம்பளத்துக்கு

எங்கள் குடியிருப்பு முற்றத்தில் ஓர் இரும்புச் சட்டம்.
இரண்டு கால், குறுக்கே ஒரு குழாய்,
பச்சைப் பெயின்ட் உரிந்த இடமெல்லாம் துரு.
கம்பளம் தொங்கவிட்டுத் தூசி தட்ட
எந்தக் காலத்திலோ நகராட்சி நட்டது.
இப்போது அதில் என் வளையங்கள்.
பிர்ச் மரம், இருபத்தெட்டு மில்லிமீட்டர் தடிமன்,
தபாலில் வந்தவை.
மூன்றாம் மாடி யாத்விகா
ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்:
சனிக்கிழமை கம்பளத்துக்கு.

பகலில் கிடினியா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறேன்.
நாற்பது மீட்டர் உயரம், காலடியில் கண்ணாடி,
கண்ணாடிக்குக் கீழே பால்டிக் கடலின் சாம்பல்.
தொங்கும் பெட்டி காற்றில் ஆடினால்
எதிர்த்து இழுக்கக் கூடாது.
அது போகும் பக்கமே டிராலியை ஓட்டி
அதன் உச்சந்தலைக்கு மேல் போய் நிற்க வேண்டும்.
ஆட்டம் தானே அடங்கும்.
பத்தொன்பது வருடமாக எனக்குச் சோறு போடும் வித்தை.

மாலை ஆறு மணிக்கு
நானே சரக்கு.

செப்டம்பரில் குதிகால் தரையில் இருந்தது.
உடல் பலகையாய்ச் சாய,
மார்பை வளையத்துக்கு இழுத்தேன், ஐந்து முறை.
பாதத்தை ஓர் அடி முன்னே நகர்த்தினால்
ஐந்து இரண்டாகிவிடும்.
எடை கூட்ட இங்கே இரும்புத் தட்டு இல்லை,
சாய்வு மாறினால் போதும்,
எனக்கு நானே கனத்துவிடுகிறேன்.

அக்டோபரில் வளையத்தின் மேல் ஏறி நின்றேன்.
நின்றேன் என்பது பெரிய வார்த்தை.
கை நேராக, தோள் தாழ, முழங்கால் மடங்க,
நடுக்கம் மணிக்கட்டில் தொடங்கிப் பட்டையில் ஏறிக்
குழாயைப் பிடித்துக்கொள்ள
சட்டம் முழுக்கக் குளிர்ஜுரம்.
நான்கு நொடி.
ஏதோ ஒரு ஜன்னலில் சிரிப்பு.

இறங்கி வளையத்தைத் திட்டினேன்.
அது இரண்டு முறை ஆடிவிட்டுச்
சும்மா தொங்கியது.
யாரும் தொடாதவரை
அதற்கு ஆடத் தெரியாது.

பின்தொடர டிராலி இல்லை,
உட்கார்ந்து பார்க்க இருக்கை இல்லை,
ஆடுகிறவளே அடக்கவும் வேண்டும்.
விலா எலும்போடு கையை ஒட்டிப்
பூமியைக் கீழே தள்ளுவதாய் நினைத்துக்கொள்கிறேன்.
பூமி கொஞ்சமும் அசைவதில்லை.
எனக்குத்தான் கழுத்து நீள்கிறது.

நவம்பரில் புதுப் பிடி.
மணிக்கட்டு வளையத்துக்கு மேலே போய் உட்கார வேண்டும்,
அப்போதுதான் இழுப்பது தள்ளுவதாக மாறும்
அந்த நடுவழியைக் கடக்க முடியுமாம்.
நான் கடந்தது என் தோலைத்தான்.
கேன்டீனில் ரடோஸ்வாஃப் என் கையைப் பார்த்து
'பூனை வளர்க்கிறாயா?' என்றான்.
'இரண்டு' என்றேன். 'மரப் பூனைகள்.'

பனிக்காலத்தில் அவற்றை மேல்கோட்டுக்குள் போட்டுக்கொண்டு இறங்குவேன்.
வெறுங்கைக்கு அவ்வளவு குளிர் ஆகாது.
கிறிஸ்துமஸுக்கு முன்பு பதினொரு நொடி.
பிறகு காய்ச்சல், இரண்டு வாரம் படுக்கை.
நோட்டில் பதினொன்றுக்குக் கீழே
ஆறு என்று எழுதக் கை வரவில்லை.
எழுதினேன்.
அடுத்த வாரமும் ஆறு.

மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை,
உள்ளங்கையை மெல்ல வெளிப்பக்கம் திருப்பியபோது
எங்கோ கப்பல் ஒன்று ஊதியது கேட்டது.
இத்தனை மாதமும் சட்டத்தின் கிணுகிணுப்பில்
அது எனக்குக் கேட்டதே இல்லை.
எண்ண மறந்துவிட்டேன்.
நோட்டில் அன்றைய கட்டம் காலி.
நடுவழியை இன்னும் கடக்கவில்லை.

அன்றிரவு வளையங்களை எடுத்துவரவும் மறந்தேன்.

காலையில் பட்டென்று நினைவு வந்து
ஜன்னலுக்கு ஓடினேன்.
கம்பளம் பெஞ்சின் மேல் சுருண்டு கிடக்க,
வீட்டுச் செருப்போடு யாத்விகா
இடமும் வலமும் பார்த்துவிட்டு
வளையத்தைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தாள்.

ஒன்று.
செருப்பு வழுக்கியது. கழற்றி ஓரமாய் வைத்தாள்.
மறுபடியும் ஒன்று.

திரையை இழுத்து மூடினேன்,
சத்தம் வராமல்.